பட்டாணி முந்திக்கொண்ட வருடம்

மதிப்பிற்குரிய தாமஸ் ஜெஃபர்சன் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைப் பற்றி உங்களுக்கு எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் எழுத வந்தது பட்டாணியைப் பற்றி.

உங்கள் தோட்டக் குறிப்பேட்டின் முதல் வரி 1766 மார்ச் 30 அன்று எழுதியது: ஊதா ஹயசிந்த் பூக்கத் தொடங்குகிறது. அவ்வளவுதான். வர்ணனை கிடையாது. அந்தச் சிக்கனத்தோடு 1824 வரை விதைத்த நாள், முளைத்த நாள், சாப்பாட்டு மேசைக்கு வந்த நாள் என்று குறித்துவைத்தீர்கள். அதிபராக இருந்த எட்டு வருடங்களிலும் வாஷிங்டன் சந்தைக்கு எந்தக் காய் எப்போது வந்தது, எப்போது நின்றது என்று 37 காய்களுக்கு அட்டவணை போட்டவர் வேறு யார் இருக்கிறார்கள்?

வர்ஜீனியாவில் உங்கள் பண்ணை வீடான மான்டிசெல்லோவில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களோடு உங்களுக்கு ஒரு பந்தயம். யார் தோட்டத்தில் முதலில் பட்டாணி விளைகிறதோ, அவர் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். பெரும்பாலும் ஜார்ஜ் டைவர்ஸ்தான் ஜெயிப்பார். ஒரு வருடம் உங்கள் பட்டாணி முந்திக்கொண்டது. சொல்லி அனுப்பலாமே என்று வீட்டார் கேட்டதற்கு, வேண்டாம், தான் தோற்றதே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று தடுத்துவிட்டீர்களாம். பேரன் சொல்லிவைத்த கதை. படித்த அன்று உங்கள் மேல் வந்த பிரியம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பிரியத்தோடுதான் உங்கள் வீட்டுக் கடிகாரத்துக்கு வந்தேன். முன்கூடத்துச் சுவரோரம் பீரங்கிக் குண்டு போன்ற எடைகள் நாளுக்கு நாள் கீழே இறங்கும். எந்தக் கிழமைக்கு நேராக நிற்கிறதோ அன்று அந்தக் கிழமை. சுவரின் உயரம் வாரத்துக்குப் போதவில்லை. தரையில் துளை போட்டுச் சனிக்கிழமையை நிலவறைக்கு இறக்கிவிட்டீர்கள். சிரித்துக்கொண்டேன். ஆனால் அதே கடிகாரத்துக்கு வெளிச்சுவரிலும் ஒரு முகம் இருக்கிறது. அதில் நிமிட முள்ளே இல்லை. வெளியே வேலை செய்கிறவர்களுக்கு மணி தெரிந்தால் போதுமாம். அவர்கள் காதில் விழ, கூரைமேல் ஒரு சீனத்துச் சேகண்டி.

அதற்குப் பிறகு குறிப்பேட்டைப் பழையபடி படிக்க முடியவில்லை. மலைச்சரிவை வெட்டி 1000 அடி நீளத்துக்குக் காய்கறித் தோட்டத்தைச் சமப்படுத்தியவர்கள் அடிமைகள். உங்கள் ஆயுளில் 600 பேருக்கு மேல் உங்களுக்கு அடிமைகளாக இருந்தார்கள். வயதில் கிழவன், தோட்டக்காரனாக இளையவன் என்று 1811இல் நண்பர் பீலுக்கு எழுதினீர்களே, அழகான வரிதான். மண்வெட்டி பிடித்த கை யாருடையது என்பதையும் சேர்த்தே இப்போது படிக்கிறேன். உங்களுக்கு அடிமையாக இருந்து உங்கள் பிள்ளைகளைப் பெற்றவராகவும், உங்கள் மனைவி மார்த்தாவுடன் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவராகவும் சொல்லப்படும் சாலி ஹெமிங்ஸைப் பற்றி ஒரு பத்தியில் எழுத முடியாது. அதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.

வோம்லி ஹியூஸை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பூப்பாத்திகளில் விதையும் கிழங்கும் ஊன்றிய அடிமை. 1826 ஜூலை 4 அன்று நீங்கள் இறந்தபோது உங்களுக்குக் குழி வெட்டியவரும் அவரே. உங்கள் மகள் அவரை மட்டும் அடிமை வேலையிலிருந்து அவர் போக்கில் விட்டுவிட்டார். நீங்கள் வைத்துப்போன கடன் மட்டும் லட்சம் டாலருக்கு மேல். 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் 130 பேரை ஏலம் விடுவதாக விளம்பரம் வந்தது. விற்கப்பட்டவர்களில் வோம்லியின் மனைவி அர்சுலாவும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இப்படிக்கு,
பட்டாணிக் கதையை இன்னமும் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு வாசகன்