நிதி அமைச்சர் மேடத்துக்கு ஒரு திறந்த மடல்: வெளிநாட்டு உதவிக் கணக்கை ஒரே பக்கத்துல போடுங்க

மேடம் வணக்கம்,

வியாசர்பாடியில இருந்து எழுதுறேன். பட்ஜெட் வந்தா போதும், எங்க தெரு டீக்கடையில பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். "பூட்டானுக்கு 2,150 கோடியாம்பா, தனக்கு மிஞ்சித்தான் தானம், இங்க மழை பெஞ்சா முட்டி வரைக்கும் தண்ணி, இவங்க ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்துதான் நாடு கடன்ல கெடக்கு"ன்னு ஒரு அண்ணன் சொல்ல, கடையே ஆமாம் போடும். தண்ணி நிக்கிறது உண்மை, அதை கார்ப்பரேஷன்கிட்ட தனியா பேசிக்கலாம்.

ஆனா கடன் கணக்கு அப்படி இல்லையே. 2025-26 பட்ஜெட்ல எல்லா நாட்டுக்கும் சேர்த்து வெளியுறவுத் துறை உதவின்னு ஒதுக்குனது 5,483 கோடி. இதுவரைக்கும் வாங்குன கடனுக்கு அதே வருஷம் வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி, அதாவது ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 3,500 கோடி. உதவியை மொத்தமா நிறுத்துனாலும் ஒன்றரை நாள் வட்டிக்குத்தான் காணும். மத்திய அரசு நூறு ரூபா செலவு பண்ணா 25 ரூபா வட்டிக்குப் போகுது, உதவிக்கு 11 பைசா. இதைச் சொன்னா என்னை உங்க கட்சி ஆளுங்கிறாங்க, நான் ஒரு தடவை கூட உங்களுக்கு ஓட்டுப் போட்டதில்ல. பூட்டான்ல நாம காசு போட்டுக் கட்டுன மாங்தேச்சு நீர்மின் நிலையத்துல இருந்து நமக்கே கரண்ட் வருதுங்கிறதும் இங்க யாருக்கும் தெரியாது.

2022 மே மாசம் நம்ம சென்னை துறைமுகத்துல இருந்தே 9,000 டன் அரிசி, பால் பவுடர், மருந்துன்னு இலங்கைக்குக் கப்பல் போச்சு, அப்போ ஒருத்தரும் கணக்குக் கேக்கல, பசிக்கு யார் கேப்பாங்க, நானும் கேக்க மாட்டேன்.

நான் கேக்குறது வேற. அந்த வருஷம் மத்திய அரசு இலங்கைக்குக் குடுத்தது கிட்டத்தட்ட 400 கோடி டாலர், பெரும்பாலும் கடனா. எக்சிம் பேங்க், அதாவது மத்திய அரசோட ஏற்றுமதி இறக்குமதி வங்கி மூலமா போற கடனுக்கு கவர்மென்ட்தான் கேரண்டி, அந்த நாடு கட்டலேன்னா நம்ம தலையிலதான் விடியும். 2025 ஏப்ரல்ல கொழும்புல பிரதமரே 10 கோடி டாலருக்கு மேல கடனை மானியமா, அதாவது திருப்பிக் கட்ட வேணாம்னு மாத்திட்டோம்னு சொன்னாரு. மாத்துனது தப்புன்னு சொல்லல. எந்தக் கடனை, ஏன் மாத்துனீங்க, மிச்சத்துல எவ்ளோ திரும்பி வந்துச்சுன்னு எங்களுக்குப் புரியுற மாதிரி யார் சொன்னாங்க?

பட்ஜெட் புத்தகமெல்லாம் இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும்தான் வருது, அதுவும் கட்டுக்கட்டா. அதுக்குள்ள எங்கயோ இருக்கும்னு சொல்லிடாதீங்க. தமிழ்ல ஒரே ஒரு பக்கம், எந்த நாடு, சும்மா குடுத்ததா கடனா, வந்தது எவ்ளோ, தள்ளுபடி எவ்ளோ, பக்கத்துலயே அந்த வருஷ வட்டித் தொகை. அடுத்த பட்ஜெட்டுக்குள்ள போட முடியுமா? முடியாதுன்னா ஏன்னாவது சொல்லுங்க.

இப்படிக்கு,
வரி கட்டுற ஒருத்தன், வியாசர்பாடி