529 பணத்தைச் சரியாகச் செலவழித்தோம் என்று சொல்ல ஓர் இடம் கொடுங்கள்: ஐ.ஆர்.எஸ்-க்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்-இன் அதிகாரிகளுக்கு வணக்கம்.

பிள்ளையின் படிப்புக்காக, படிப்புச் செலவுக்கு எடுத்தால் லாபத்துக்கு வரியில்லாத 529 சேமிப்புக் கணக்கில் பணம் போட்டுவரும் பெற்றோரில் ஒருவராக எழுதுகிறேன். போடும்போது எந்தத் தொல்லையும் இல்லை. எடுத்த பிறகுதான் குழப்பம்.

பணம் எடுத்த மறு வருடத் தொடக்கத்தில் 1099-கியூ என்ற படிவம் வருகிறது. மொத்தம் எடுத்தது எவ்வளவு, அதில் லாபம் எவ்வளவு, நாங்கள் போட்ட முதல் எவ்வளவு, அவ்வளவுதான் அதில் இருக்கும். எதற்குச் செலவானது என்பது கணக்கை நடத்தும் நிறுவனத்துக்கே தெரியாது. சரி, கல்லூரி தரும் கட்டண விவரப் படிவமான 1098-டியை வைத்து ஒப்பிடலாம் என்றால் அதில் விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் வராது, ஆனால் பாதி நேரமாவது படிக்கும் மாணவருக்கு அவற்றுக்கும் இந்தப் பணத்தை வரியில்லாமல் எடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது.

எடுத்தது முழுக்கத் தகுதியான செலவுக்கே போயிருந்தால் வரி ரிட்டர்னில் எதையும் காட்ட வேண்டியதில்லை. இங்கேதான் பிரச்சினையே. உங்கள் கணினிக்குத் தெரிவதெல்லாம் 1099-கியூவில் ஒரு தொகை இருக்கிறது, ரிட்டர்னில் இல்லை என்பது மட்டும்தான். அதை வைத்து, லாபத்துக்கு வரி கேட்டு, ரிட்டர்னில் கணக்கு பொருந்தவில்லை என்று சொல்லும் சிபி2000 கடிதம் போகலாம். பணம் மாணவருக்கோ நேராகக் கல்லூரிக்கோ போயிருந்தால் 1099-கியூ மாணவர் பெயரில்தான் வரும், ஆகவே அந்தக் கடிதமும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் 19 வயதுப் பிள்ளைக்குத்தான். அது இறுதிப் பில் இல்லை, பதில் சொல்லலாம் என்பது அந்த வயதில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மருத்துவச் சேமிப்புக்கான ஹெச்.எஸ்.ஏ கணக்குக்கு நீங்களே வழி செய்து வைத்திருக்கிறீர்கள். ஃபார்ம் 8889-இல் எடுத்தது இவ்வளவு, மருத்துவச் செலவு இவ்வளவு, மிச்சம் இருந்தால் வரி என்று எழுதிவிட்டுப் போகலாம். 529-இல் வேறு செலவுக்கு எடுத்து 10 சதவீதக் கூடுதல் வரி கட்டுபவருக்குக்கூட ஃபார்ம் 5329 இருக்கிறது. ஒழுங்காகப் படிப்புக்கே செலவழித்தவருக்கு அதைச் சொல்ல ஒரு படிவம்கூட இல்லை. இது நியாயமா?

அரைப் பக்கம் போதும். எடுத்த தொகை, தகுதியான செலவு, அதிலிருந்து உதவித்தொகையையும், கல்லூரிச் செலவுக்கான வரிச் சலுகையான அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட்டுக்காக ஏற்கெனவே காட்டிய 4,000 டாலர் வரையிலான செலவையும் கழிக்க ஓர் இடம். அந்தக் கழித்தலை மறந்து ஒரே செலவை இரண்டு இடத்திலும் கணக்குக் காட்டிவிடும் குடும்பங்களும் உண்டு. டிசம்பரில் ஃபீஸ் கட்டிவிட்டு ஜனவரியில் பணம் எடுத்து, இரண்டும் ஒரே காலண்டர் வருடத்தில் வராமல் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. படிவத்திலேயே கேட்டுவிட்டால் விதி தானாகத் தெரிந்துவிடும்.

பள்ளிப் படிப்புக்கு 529-இலிருந்து வரியில்லாமல் எடுக்க ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 10,000 டாலராக இருந்த வரம்பு 2026 முதல் 20,000 ஆகிவிட்டது. இனி 1099-கியூ இன்னும் நிறைய வீடுகளுக்கு வரும். அடுத்த ரிட்டர்ன் காலத்துக்கு முன்பே ஒரு வரைவுப் படிவத்தை வெளியிட்டுக் கருத்துக் கேளுங்கள். முதல் ஆளாக எழுதுகிறேன்.