‘மற்ற ஆக்கள்’ என்பது யாரை? உறவை அளப்போருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் உளச்சிகிச்சை ஆய்வுகளை நெறிப்படுத்தும் மதிப்புக்குரிய உளமருத்துவர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம். வெள்ளவத்தையில் தமிழ் பேசுவோருக்கு உளவளத்துணை வழங்கிவருபவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன். நோயறிகுறிகள் குறைந்தனவா என்பதோடு நின்றுவிடாமல், ஒருவர் பிறரோடு உறவாடும் விதத்தையும் அளக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிகிச்சையாளருக்கும் நோயாளருக்கும் இடையிலான உறவைப் பற்றியே சிகிச்சையில் பேசுவது பயன் தருகிறதா என்று நோர்வேயில் பேர் ஹோக்லெண்ட் குழுவினர் 100 பேரிடம் ஓராண்டுக்காலம் சோதித்தனர். 2006இல் வெளியான முடிவில், அவ்வாறு பேசிய பிரிவினருக்கும் பேசாத பிரிவினருக்கும் சராசரியில் வேறுபாடு தெரியவில்லை. உறவுத்தரத்தைத் தொடக்கத்திலேயே மதிப்பிட்டிருந்ததனால்தான், அதில் பின்தங்கியிருந்தோருக்கு அம்முறை கூடுதலாக உதவியமை புலப்பட்டது; இவர்களுக்கு அது ஒத்துவராது என்றே பலர் அதுவரை எண்ணியிருந்தனர்.

என் கவலை அளவுகோலைப் பற்றியது. பிறரோடு பழகுவதில் ஒருவருக்குள்ள சிக்கல்களை அளக்க ஹொரோவிட்ஸ் குழுவினர் 1988இல் வெளியிட்ட வினாக்கொத்தில், மற்றவர்களிடம் ‘இல்லை’ என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது போன்ற கூற்றுகள் உள்ளன. இதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக் கொடுத்தால், கொட்டாஞ்சேனையில் வாழும் ஓர் அம்மா “மற்ற ஆக்களோட எனக்கொரு பிரச்சினையும் இல்லை” என்று பூச்சியத்தைக் குறித்துவிடக்கூடும். மாமியாரும் மூத்த அண்ணனும் அவருக்கு ‘மற்ற ஆக்கள்’ அல்லர். அவர்கள் ‘எங்கட ஆக்கள்’. அவரால் ‘இல்லை’ என்று சொல்ல முடியாதிருப்பதோ அவர்களிடந்தான்.

வாழ்நாள் உறவு வரலாற்றைக் கேட்டுப் புள்ளியிடும் நேர்காணல்கள் இதைவிட மேலானவை. ஆயினும், இடப்பெயர்வில் நான்கு பள்ளிக்கூடங்கள் மாறி, நண்பர்களைப் பல நாடுகளில் தொலைத்த ஒருவருக்கு நீடித்த நட்பு இல்லாமற்போனதை அவரது இயலாமையாகக் கணக்கிட்டால், நாம் அளப்பது அவரை அன்று, போரை.

அமெரிக்க உளவியலாளர் லெஸ்டர் லுபோர்ஸ்கி 1977இல் முன்வைத்த முறையே எமக்குக் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் துணிபு. நோயாளர் சொல்லும் உறவுச் சம்பவங்களிலிருந்து அவர் எதை விரும்பினார், எதிரிலிருந்தவர் என்ன செய்தார், அதற்கு இவர் எப்படி நடந்தார் என்ற மூன்றையும் பிரித்தெடுப்பது அது. படிவத்தில் கோடிழுத்துவிட்டுப் போகிறவரே, “அண்டைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே, எந்த வினாக்கொத்தையும் தமிழாக்கும்போது, ஒவ்வொரு கூற்றுக்கும் யாரை நினைத்துப் பதிலளித்தார்கள் என்று நோயாளரிடமே கேளுங்கள். தமிழறிந்த இருவர் தனித்தனியே புள்ளியிடட்டும். கணவரோ மகளோ மொழிபெயர்ப்பாளராக அமர்ந்திருந்த அறையில் பெற்ற உறவுப் புள்ளிகளை மட்டும், தயவுசெய்து, தரவாக ஏற்காதீர்கள்.

இவ்வண்ணம்,
உளவளத்துணையாளர் ஒருவர்