கத்துவதற்கு எங்கள் வீட்டில் இடம் ஏது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில், நண்பர்களோடு சேர்ந்து செல்போனில் கேம் ஆடும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். பாதியில் போவதாக இருந்தால் சொல்லிவிட்டுப் போ, தோற்றால் அடுத்தவன் மேல் பழி போடாதே, புதிதாக வந்தவனைக் கிண்டல் செய்யாதே என்றெல்லாம் எழுதியிருந்தது. யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் நடுவில் ஒரு வரி: "மைக்கை ஆன் செய்துவிட்டு வட சென்னை ஸ்டைலில் கத்தாதீர்கள்." பக்கத்திலேயே ஒரு கார்ட்டூன். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவன் போனைப் பார்த்து வாயைப் பிளக்கிறான். கழுத்தில் கர்ச்சீப் வேறு. கர்ச்சீப் இல்லாமல் எங்களை வரையக் கூடாது என்று அரசாணை ஏதும் இருக்கிறதோ என்னவோ, தங்களுக்குத்தான் தெரிந்திருக்கும்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். நாற்பதைத் தாண்டிவிட்டேன். இன்றும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் நாலு பேர் பிஜிஎம்ஐ ஆடுகிறோம். பப்ஜியின் இந்தியப் பதிப்பு, நாலு பேர் ஒரு ஸ்குவாடாக, அதாவது ஒரே அணியாகச் சேர்ந்து சுடும் கேம். ஒருவன் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். இன்னொருவன் மணலி பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். நாலாவது ஆள் அவனுடைய அக்கா. எங்கள் ஸ்குவாடில் குறி தப்பாமல் சுடுவது அவர்தான்.

நாங்கள் கத்துகிறோமாம். எங்கே ஐயா கத்துவது? என் வீடு ஒரு ஹாலும் சமையலறையும். அந்த ஹாலில்தான் அம்மா படுத்திருப்பார், பிள்ளை பரீட்சைக்குப் படிப்பான், மனைவி காலை ஷிப்டுக்காகச் சீக்கிரம் தூங்கிவிடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை. இங்கே மைக்கில் நான் பேசுவது கோயிலில் அர்ச்சகரிடம் நட்சத்திரம் சொல்கிற அளவுக்குத்தான். லாரிக்கார நண்பன் மாடிப்படியில் உட்கார்ந்து ஆடுவான், அங்கேயும் சத்தம் வந்தால் கீழ் வீட்டு ஆயா துடைப்பத்தோடு வெளியே வந்துவிடும். அக்கா பெரும்பாலும் பேச மாட்டார், எதிரி இருக்கும் இடத்தை மேப்பில் குறி வைத்துக் காட்டிவிடுவார். ஆள் குறையும்போது முகம் தெரியாத யாராவது ஸ்குவாடில் வந்து சேர்வது உண்டு. அப்போது காது கிழியக் கத்துகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். பின்னணியில் ஏசி ஓடும் சத்தம் கேட்கும், கதவைச் சாத்தும் சத்தமும் கேட்கும். கத்துவதற்குத் தனி அறை வேண்டும் ஐயா. அது எந்தப் பக்கம் அதிகம் என்று தங்கள் கட்டுரையாளர் ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். என்றைக்காவது அக்காவின் குரல் கேட்டுவிட்டால் அந்த ஆட்கள் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது. பெண்கள் ஆடும்போது எப்படி நடந்துகொள்வது என்பதற்குத் தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. லுங்கி வரைய இடம் இருந்தது.

சேர்ந்து ஆடும் மரியாதையை எங்களுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் டி.வி.யில் மாட்டி ஆடும் வீடியோ கேமை மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிற கடைகள் எங்கள் தெருக்களில் இருந்தன. அதில் காண்ட்ரா என்று இரண்டு பேர் சேர்ந்து சுட்டுக்கொண்டே போகிற கேம் ஒன்று. அதை ஆடியவர்களுக்கு மூன்றாவது ஸ்டேஜ் ஞாபகம் இருக்கும். நீர்வீழ்ச்சி. மேலே மேலே தாவிப் போக வேண்டும். முன்னால் போகிறவன் ஏற ஏற ஸ்கிரீனும் கூடவே ஏறும், கீழே தங்கிவிட்டவன் செத்துப்போவான். எதிரி சுட வேண்டியதே இல்லை, கூட்டாளியின் அவசரமே அவனைக் கொன்றுவிடும். அதனால் "நீ ஏறு, நான் நிக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லித்தான் போவோம். நிற்காமல் தாவுகிறவனோடு அடுத்த முறை ஆட யாரும் உட்கார மாட்டார்கள். அப்புறம், உயிர் எல்லாம் தீர்ந்துபோனால் கூட ஆடுகிறவனின் கணக்கிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ளலாம். பட்டனை அமுக்கினால் போதும், அவனிடம் கேட்க வேண்டும் என்று கேமில் விதி கிடையாது. எங்கள் கடையில் இருந்தது. கேட்காமல் எடுத்தால் அன்றைக்கு ஜாய்ஸ்டிக் கைக்கு வராது. இதை எல்லாம் யாரும் கட்டுரை எழுதிச் சொல்லித் தரவில்லை.

கேரம் கதை இன்னும் கறார். போர்டைச் சுற்றி எத்தனை பேர் நின்றாலும் ஆடுகிறவனுக்கு யோசனை சொல்லக் கூடாது. நாற்காலியை விட்டு எழுந்து எக்கி அடிக்கக் கூடாது. தோற்றதும் காய்களைக் கலைத்துவிட்டுப் போகிறவனை அடுத்த வாரம் போர்டு பக்கம் சேர்க்க மாட்டார்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா யார்? எங்கள் வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள். 'வட சென்னை ஸ்டைல்' என்று எழுதக் கை வரும்போது ஏன் அந்தப் பெண் ஞாபகத்துக்கு வருவதில்லை? எதிராளி அடிக்கும்போது மூச்சுச் சத்தம்கூட வராமல் உட்கார்ந்திருப்பதும் எங்கள் ஸ்டைல்தானே.

இது இன்று நேற்று வந்த வருத்தம் இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜியை மத்திய அரசு தடை செய்தபோது, எங்கள் பக்கத்துப் பாலத்தடியில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்த பையன்களைப் படம் பிடித்து 'சீரழியும் தலைமுறை' என்று போட்டீர்கள். அதில் இருந்த ஒரு பையன் ஆன்லைன் வகுப்புக்காக அங்கே உட்கார்ந்திருந்தவன். வீட்டில் சிக்னல் கிடைக்காது, பாலத்தடியில் கிடைக்கும். ஊரடங்குக் காலம், பள்ளிக்கூடமே போனுக்குள்தான் நடந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. அதே கேம் அடுத்த வருடம் பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் வந்தது, 2022இல் அதையும் நீக்கினார்கள், 2023இல் திரும்பவும் விட்டார்கள். அந்த ஆண்டே சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸ் என்று கேம் ஆடுவதற்கே பதக்கமும் கொடுத்தார்கள். உடனே தங்கள் கல்வி மலரில் 'கேம் ஆடியும் சாதிக்கலாம்' என்று கண்ணாடி போட்ட பையன் ஒருவன் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கும் படம். நாற்காலியில் உட்கார்ந்தால் சாதனை, பாலத்தடியில் உட்கார்ந்தால் சீரழிவு. சரி, புரிந்துகொண்டோம்.

எண்ணூர் முகத்துவாரத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் பரவியபோதும் இப்படித்தான். வலையும் படகும் பாழாகி நண்பன் கரையில் நின்றான். அவன் கைக்கு வர வேண்டிய கூலி பற்றி நான் எழுதிய கடிதத்துக்குத் தங்கள் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. போகட்டும், அது வேறு கதை.

கட்டுரையில் ஒரு தகவலும் தப்பு. "தமிழ்நாட்டில் இரவு 12 மணி முதல் 5 மணி வரை ஆன்லைன் கேம் ஆடுவது சட்டப்படி குற்றம்" என்று எழுதியிருந்தது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு கொண்டுவந்த அந்த நேரக் கட்டுப்பாடு பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு. ரம்மி மாதிரி. அந்த ஆகஸ்டிலேயே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடுத்து நாடாளுமன்றம் தனிச் சட்டமும் போட்டுவிட்டது. எங்கள் ஆட்டத்தில் காசே கிடையாது. இந்த வரியைப் படித்துவிட்டு என் அம்மா, போலீஸ் வருமா என்று கேட்டார். பேப்பரில் வந்தால் உண்மை என்று நம்புகிற தலைமுறை அது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

தங்கள் கட்டுரையாளர் தொடாமல் விட்ட மரியாதைகள் எத்தனையோ இருக்கின்றன. காசு கட்டி வாங்கிய ஸ்கின், அதாவது கேமுக்குள் போடும் அலங்கார உடை, போட்டுக்கொண்டு வந்து, சும்மா கிடைத்த சட்டையோடு நிற்பவனை 'பாட்' (ஆடத் தெரியாத கம்ப்யூட்டர் பொம்மை) என்று கூப்பிடுவது. குண்டடி பட்டு நாக் ஆகிக் கிடக்கிற நண்பனை ரிவைவ் செய்யாமல், அதாவது எழுப்பிவிடாமல், அவன் செத்ததும் அவன் பொருள்கள் கிடக்கும் பெட்டியிலிருந்து துப்பாக்கியின் ஸ்கோப்பை எடுக்க ஓடி வருவது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கேமில் மருந்து யாரிடம் குறைவு என்று கேட்டுக் கொடுத்த பிறகுதான் மேப்பில் அடுத்த வீட்டுக்குள் நுழைவோம். செத்தவன் உடனே வெளியேறிவிடாமல் மேட்ச் முடியும்வரை கூட இருந்து பார்ப்பான். ஒரு மேட்ச் அரை மணி நேரம், நடுவில் நிறுத்திவைக்க வழி கிடையாது. ஆகவே எத்தனை மேட்ச் ஆடப்போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாருக்காவது டேட்டா தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவன் ஹாட்ஸ்பாட் போடுவான், மாதக் கடைசியில் அவனுக்கு டீயும் பஜ்ஜியும் வந்து சேரும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து ஆடுகிற எங்களுக்கும் 'பாதியில் ஓடுகிறவன்' என்ற பெயர் வருகிறது. காரணம் கரண்ட். பராமரிப்பு மின்தடை என்றால் காலை 9 மணிக்குப் போவது மதியம் 2 மணிக்கு வரும். விடுமுறை நாளில் மேட்ச் நடுவே வைஃபை அணைந்துவிட்டால், அந்தப் பக்கம் இருப்பவனுக்கு நான் கோபித்துக்கொண்டு போனது போலத்தான் தெரியும். முன்பெல்லாம் இரண்டாம் பக்கத்தில் 'நாளைய மின்தடை' என்று தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் தெருக்கள் எல்லாம் வரும். பார்த்துவிட்டு நேரத்தை மாற்றிக்கொள்வோம். கொஞ்ச நாளாக அண்ணா நகர், அடையாறு, வேளச்சேரியோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. எங்களுக்கு இருபத்து நாலு மணி நேரமும் கரண்ட் வருவதாகத் தங்களுக்கு யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

கேட்பது இரண்டுதான். இணையப் பதிப்பிலாவது அந்த 'ஸ்டைல்' வரியை எடுத்துவிட்டு, சட்டம் பற்றிய தகவலைத் திருத்துங்கள். அச்சில் வருத்தம் தெரிவிப்பீர்கள் என்ற ஆசை எனக்கு இல்லை. இரண்டாவது, மின்தடைப் பட்டியலில் எங்கள் தெருக்களைத் திரும்பவும் சேருங்கள். ஏப்ரல் 15க்கு முன்னால் தொடங்கினால் நல்லது. அன்றிலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டு நண்பன் பகலிலும் ஆடக் கிடைப்பது அந்த இரண்டு மாதம்தான்.

இப்படிக்கு,
தங்கள் பத்திரிகையை இன்னமும் காசு கொடுத்து வாங்கும் வாசகன்,
தண்டையார்பேட்டை, சென்னை