வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வருமுன்

சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். இந்த வெள்ளி மாலை 6.30-க்கு ராயபுரத்தில், விசுவாசத்துக்காகத் துன்பப்படும் பெண்களுக்காக ஒரு மணி நேரம் ஜெபிக்கிறோம்.

தேதி இல்லாத ஃபார்வர்டை ஜெபக்குறிப்பாக எடுத்து வராதீர்கள். ஆசியா பீபி சிறையில் இருக்கிறார் என்று இன்னும் சுற்றுகிறது. பாகிஸ்தானில் மதநிந்தனைக் குற்றச்சாட்டில் 2010-ல் மரண தண்டனை பெற்ற அந்தக் கிறிஸ்தவப் பெண்ணை 2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 2019-ல் கனடா போய்ச் சேர்ந்தார். அவருக்காக நன்றி சொல்லி ஜெபிப்போம்.

லேயா ஷரிபுவுக்குக் கூடுதல் நேரம். நைஜீரியாவின் டாப்சியில் 2018 பிப்ரவரி 19 அன்று பள்ளியிலிருந்து கடத்தப்பட்டவள், அப்போது வயது 14. உடன் கடத்தப்பட்ட மாணவிகளில் பெரும்பாலோர் அடுத்த மாதம் வீடு திரும்பினார்கள். கிறிஸ்துவை மறுதலிக்காததால் கடத்தியவர்கள் அவளை விடவில்லை.

தியானத்துக்கு ஆதி சபையின் இரத்தசாட்சி பெர்பெத்துவா. கார்த்தேஜ், கி.பி. 203. கைக்குழந்தைக்காரி, வயது 22 போல. விசுவாசத்தை விடச் சொல்லிக் கெஞ்சிய அப்பாவிடம், அங்கிருந்த ஒரு குடத்தைக் காட்டி, "இதை வேறு பேரால் கூப்பிட முடியுமா?" என்று கேட்டாள். என்னையும் அப்படித்தான், கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு பேரால் சொல்ல முடியாது என்றாள். இந்த இடத்தை நிதானமாக வாசியுங்கள்.

நம் தெருவிலேயே வீட்டுக்குத் தெரியாமல் ஜெபிக்கிற பெண்கள் உண்டு. அவர்கள் பெயர், படம், குரல்பதிவு எதுவும் இந்தக் குழுவில் வேண்டாம். தானாக அழியும் மெசேஜாக வைத்தாலும் ஸ்கிரீன்ஷாட் அழியாது. அது அண்ணன் கைக்குப் போனால் அடி வாங்குவது அவள்தான். துண்டுச்சீட்டில் "ஒரு தங்கை" என்று மட்டும் எழுதுங்கள். ஜெபம் முடிந்ததும் சீட்டுகளை அங்கேயே கிழித்துவிடுவோம்.