ஜன்னலைச் சாத்திவிட்டு ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்கால நோய்கள் பற்றிய உங்கள் சிறப்புப் பக்கத்தில், 'மாலையில் கதவு, ஜன்னலைச் சாத்திக் கொசுவர்த்தி ஏற்றுங்கள்' என்று ஒரு வரி பார்த்தேன். போன ஐப்பசி முழுக்க எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம்.

சம்பா நட்டு வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் மாதம். ஆறு மணியானால் கொசு மொய்க்கும். மூன்று வயதுப் பேத்தி படுக்கும் அறையை அடைத்து, பெட்டிக்கடையில் வாங்கிய கொசு ஊதுபத்தியைத் தலைமாட்டில் கொளுத்தி வைப்போம். பத்து நாளில் இருமல், அப்புறம் இழுப்பு. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே மருத்துவர், "ராத்திரி ரூம்ல என்ன கொளுத்துறீங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 'மூலிகை' என்று பெரிதாகப் போட்டு ஒரு துளசிப் படம். மருந்தின் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி இந்தக் கொசு மருந்துகளை மத்தியப் பதிவுக் குழுவில் பதியாமல் விற்கக் கூடாது. வயலுக்கு அடிக்கும் மருந்து டப்பாவில் நச்சுத்தன்மையைக் காட்டும் முக்கோணம் என்ன நிறம் என்று பார்த்து வாங்குகிற நான், படுக்கையறைக்கு வாங்குவதைப் பார்க்கவே இல்லை.

பதிவு எண் இருந்தாலும் புகை புகைதான். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளிவருவதாக 2003இல் வெளியான ஆய்வு சொல்கிறது. (அம்மா போடும் வேப்பிலை மூட்டமும் புகைதான். வீட்டில் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) கொசுவர்த்தியில் சேர்க்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். அடைத்த அறையிலோ பாயிலும் தரையிலும் படிந்து நாள்கணக்கில் கிடக்கும். தரையில் புரண்டு விளையாடிவிட்டு அதே விரலைச் சப்புவது பிள்ளைகள்தானே.

இத்தனைக்கும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. ராத்திரி முழுக்கப் பத்தி கொளுத்தி அதை என்ன செய்ய? தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் கொசுப்புழுவே பிடிக்காது. அதற்குத்தான் யாருக்கும் உடம்பு வளையவில்லை, என்னையும் சேர்த்து.

இப்போது கொசுவலை கட்டியிருக்கிறோம். பேத்திக்கு இழுப்பு குறைந்திருக்கிறது. அடுத்த மழைக்கு அந்தப் பக்கத்தை மறுபடி போடுவீர்கள். அப்போது ஜன்னலைச் சாத்தச் சொல்லும் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீடாமங்கலம்.