சுகுமாரி நாகர்கோவில்காரர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடிகை சுகுமாரியைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை அவரை 'மலையாள நடிகை' என்ற இரு சொற்களில் அடக்கியிருந்தது. 1940இல், திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த நாகர்கோவிலில் பிறந்தவர் அவர். லலிதா, பத்மினி சகோதரிகளின் நடனக் குழுவில் ஆடத் தொடங்கி, சிறுமியாகவே தமிழ்த் திரைக்கு வந்தார். சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் நாடகக் குழுவின் மேடையில் பல ஆண்டுகள் நடித்துப் பெற்ற பயிற்சிதான், பின்னாளில் பிரியதர்ஷனின் மலையாள நகைச்சுவைப் படங்களில் ஒரு நொடியும் பிசகாமல் வசனத்தை வீசும் திறனாக வெளிப்பட்டது என்பது என் கணிப்பு. இயக்குநர் பீம்சிங்கின் மனைவி என்பதையும் கட்டுரை குறிப்பிடவில்லை, அது போகட்டும். 2010ஆம் ஆண்டுக்கான சிறந்த துணை நடிகை தேசிய விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது 'நம்ம கிராமம்' என்ற தமிழ்ப் படம் என்பதையாவது சொல்லியிருக்கலாம். கேரள எல்லையான களியக்காவிளைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்ட என் அத்தை அவரை மலையாளி என்றும், இப்பக்கம் இருந்த என் அம்மா தமிழச்சி என்றும் கடைசிவரை வாதிட்டார்கள். 2013 மார்ச்சில் சுகுமாரி மறைந்த செய்தி வந்த அன்று இருவருமே தொலைபேசியில் அழுதார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மார்த்தாண்டம்.